காக்காப்பொன் தகட்டில் ஒரு தாதனும் அவன் மனைவியும்

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து 11 சிறிய படங்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி போன்ற மெல்லிய தகடு, அதில் ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக நிற்கும் உருவங்கள், கீழே ஒட்டுத்தாளில் ஆங்கிலக் குறிப்பு. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதைத் தஞ்சாவூர் ஓவியம் என்கிறார். ஓவியம் படித்த உறவினரோ, வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய சாமான், இதில் கலை எதுவும் இல்லை என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிறபோக்கில், “இதை வரைந்தவர் யாராக இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற இரண்டையும் அதன் வழியாகவே சொல்லப் பார்க்கிறேன்.

20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய காகிதங்களையும் காகித ஓவியங்களையும் செப்பனிட்டுப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வகைப் படங்கள் பல என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. நான் கலை வரலாற்றாசிரியன் அல்ல. காகிதம், பசை, நிறம், மை இவற்றின் பக்கத்திலிருந்து வந்தவன். மேலும் உங்கள் படங்களைக் கைபேசியில் எடுத்த ஒளிப்படமாகத்தான் பார்த்தேன். அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. உங்களிடம் இருப்பது இன்று நாம் தஞ்சாவூர் ஓவியம் என்று அழைக்கும் பொருள் அல்ல. அது பலகைப் படம்: மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு கொடுத்து, மேடு கட்டி, தங்கத் தகடும் கல்லும் பதித்துச் செய்வது, பூசைக்கும் வீட்டுச் சுவருக்கும் ஆனது. உங்களுடையது மைக்கா, நம் ஊர்ப் பேச்சில் காக்காப்பொன். ஏடு ஏடாக உரியும் அந்தக் கனிமத்தைக் காகிதம்போல் மெல்லியதாகப் பிரித்து, அதன்மேல் வெள்ளை கலந்த, ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தால் தீட்டுவார்கள். வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களிலும் தெற்கே திருச்சிராப்பள்ளியிலும் இது பெரிய தொழிலாக நடந்தது. உங்கள் படங்களில் ஆண்கள் கட்டியிருக்கும் வேட்டி, பெண்களின் கொசுவம், ஒரு படத்தில் தெரியும் நாமம் எல்லாம் தெற்கையே காட்டுகின்றன. திருச்சி என்பது என் ஊகம், ஆனால் பலமான ஊகம். காலம் 1820களிலிருந்து 1870களுக்குள் இருக்கலாம். அதற்குமேல் குறுக்கிச் சொன்னால் அது வியாபாரப் பேச்சாகிவிடும்.

வியாபாரி முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. பெயரில் குழப்பம் வர ஒரு காரணம் இருக்கிறது. தஞ்சாவூரிலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே காகிதத்தில் இப்படி ஜோடிப் படங்கள் வரைந்து ஐரோப்பியர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தொடுவானம் தாழ இருக்கும், காலடியில் நாலைந்து புல்லும் ஒரு நிழலும், மேலே வானத்தின் நீலம். நடுவில் கணவனும் மனைவியும் கையில் அவரவர் தொழிற்கருவியோடு. இவற்றையும் இவைபோல் நாடெங்கும் ஐரோப்பியர்களுக்காக வரையப்பட்டவற்றையும் ஆய்வாளர்கள் பொதுவாகக் கம்பெனி ஓவியங்கள் என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் வந்த சொல் அது. எனக்கு அந்தப் பெயரில் திருப்தி கிடையாது. வாங்கியவரின் பெயரை வரைந்தவரின் தலையில் கட்டுகிறது. 2019இல் லண்டனில் வாலஸ் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகம் இந்த ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது, கம்பெனியை முன்னிறுத்தாமல் ஓவியர்களின் பெயர்களை முன்னால் வைத்தார்கள். தாமதமாக நடந்த நல்ல காரியம்.

வெள்ளைக்காரர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்தது கம்பெனியோடு தொடங்கவும் இல்லை. ரோமில் கஸநதென்ஸே நூலகத்தில் 76 நீர்வண்ணப் படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், போர்ச்சுக்கீசியருக்காக இந்திய ஓவியர் ஒருவர் வரைந்தது என்று கருதப்படுகிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சீனம் வரை பல இனத்து மக்கள் அதில் வருகிறார்கள். பலர் ஆணும் பெண்ணுமாக ஜோடியாகவே நிற்கிறார்கள். குறிப்புகள் போர்ச்சுக்கீசிய மொழியில். 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த வெனிஸ்காரர் நிக்கோலோ மனுச்சி, நம் சோழமண்டலக் கரை ஓவியர்களைக் கொண்டு தெய்வங்களையும் சடங்குகளையும் தீட்டச் செய்து வெனிசுக்கு அனுப்பினார். அது இன்றும் அங்கே மார்ச்சியானா நூலகத்தில் இருக்கிறது. உங்கள் தகட்டில் நிற்கும் ஜோடிக்குப் பின்னால் அப்படி 300 ஆண்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. வாங்குபவர்கள் மாறினார்கள். “இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள்” என்ற கேள்வி மாறவில்லை. அதற்குப் படத்தால் பதில் சொன்னவர்கள் இங்கேயே பிறந்தவர்கள்.

இப்போது உங்கள் ஏழாவது படத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கீழே ஆங்கிலத்தில் “சிவன் கோயில் பிச்சைக்காரனும் அவன் மனைவியும்” என்ற பொருளில் எழுதியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றியில் நாமம், பளிச்சென்று, மூன்று கோடு. ஒரு கையில் சங்கு, மறு கையில் சேகண்டி, தோளில் தொங்கும் செம்பு. அவர் தாதர். பெருமாள் பேரைச் சொல்லி வீட்டுக்கு வீடு வருபவர். நெற்றியின் அளவு ஒரு மிளகு இருக்குமா? அதற்குள் மூன்று கோட்டையும் பிசகாமல் இழுத்திருக்கிறார் ஓவியர். அவருக்குத் தாதரையும் சிவன் பேரைச் சொல்லி வரும் பண்டாரத்தையும் பிரித்துத் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? குறிப்பெழுதியவருக்குத் தெரியவில்லை. படம் ஒருவர் கை, எழுத்து இன்னொருவர் கை. இரண்டையும் சேர்த்து ஒரே சான்றாகப் படித்தால் தப்பாகிவிடும். இந்த வகைப் படங்களைப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: குறிப்பைக் கையால் மறைத்துவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள்.

“வரைந்தவர் யார்” என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை தொடங்குகிறது. உங்கள் ஓவியருக்குப் பெயர் இல்லாமல் போனது, அவர் பெயர் போடத் தகுதியற்ற வேலை செய்ததால் அல்ல. குறிப்பெழுதப் பேனா எடுத்தவர் சாதியைக் கேட்டார், தொழிலைக் கேட்டார், வரைந்தவர் பெயரைக் கேட்கவில்லை. கேட்ட இடங்களில் பெயர் இருக்கிறது. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, 1777 முதல் 1782 வரை, தன் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் வரைவதற்குப் பாட்னாவிலிருந்து வந்த ஓவியர்களை அமர்த்தினார். 300க்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. அவற்றில் பாரசீக எழுத்தில் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்று மூவரின் பெயரும், பாட்னாக்காரர் என்ற ஊர் அடையாளமும் இருக்கின்றன. ஜைனுத்தீனின் பறவைகளைப் பார்த்தால் உங்கள் உறவினர் தன் வார்த்தையை மறுபடி யோசிப்பார். பெரிய இங்கிலாந்துக் காகிதம், பின்னணி வெறும் வெள்ளை. கிளையில் ஒரு பறவை. அதன் ஒவ்வொரு இறகும் தனித்தனிக் கோடாக, முகலாய அரண்மனை ஓவியத்தில் பழகிய தூரிகையால் தீட்டப்பட்டது. காகிதமும் பணமும் வெள்ளைக்காரருடையது. அந்தக் கையும் கண்ணும் பல தலைமுறையாக இங்கே பயின்றவை.

நம் பக்கத்திலேயே இதைவிட எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக வந்து தாவரவியலில் இறங்கிய ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் பெரும் படத்தொகுதிகளை வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை வந்த ஒரு வரிசையில் மட்டும் 2,101 அச்சுப் படங்கள். அவற்றின் மூலப் படங்களில் பெரும்பாலானவை இரண்டு ஓவியர்கள் வரைந்தவை: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பல அச்சுப் படங்களின் ஓரத்தில் அவர்கள் பெயர் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பூவை வெட்டி, சூல்பையின் உள்ளறைகளை எண்ணி, மகரந்தத் தாளின் வளைவைப் பிடித்து வரைந்தவர்கள் அவர்கள். வைட் 1853இல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனாலும் நம் ஊர் ஓவியர் ஒருவரின் பெயரை அறிவியல் ஒருமுறை ஒரு செடிக்குச் சூட்டியது என்பது என்னை இன்னும் நெகிழச் செய்கிறது. அந்த மூலப் படங்கள் பல எடின்பரோவின் அரசு தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

இனி உங்கள் ஓவியர். கம்பெனிக் காலப் பதிவுகளில் தஞ்சாவூர், திருச்சி, சென்னை ஓவியர்களைக் குறிக்க ‘முச்சி’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. தோல் வேலை, பொம்மைக்கு வண்ணம் பூசுவது, படம் எழுதுவது, பின்னாளில் அரசு அலுவலகங்களில் காகிதமும் மையும் பார்த்துக்கொண்டு புத்தகம் கட்டுவது என்று பல வேலைகளை அந்தப் பெயருக்குக் கீழே காண்கிறோம். தெலுங்கு பேசும் ராஜு குடும்பங்களும் தஞ்சைப் பகுதியில் ஓவியத் தொழிலில் இருந்தன. உங்கள் படங்களை வரைந்தவர் இவர்களில் ஒரு குடும்பத்துப் பட்டறையைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் 11 படங்களில் மூன்றாவதையும் எட்டாவதையும் ஒன்றின்மேல் ஒன்று வைப்பதாக நினைத்துப் பாருங்கள். பெண்ணின் தோள் சாய்வும், முழங்கை மடிப்பும், பாதம் திரும்பியிருக்கும் விதமும் ஒன்றே. புடவை நிறமும் கையிலிருக்கும் கூடையும்தான் வேறு. மைக்கா ஒளி ஊடுருவும் தகடு. அடியில் மாதிரிப் படத்தை வைத்தால் கோடு மேலே தெரியும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதிரியிலிருந்து பல தொகுப்புகள் வந்தன. ஒருவர் கோடு இழுக்க, இன்னொருவர் நிறம் நிரப்பியிருக்கவும் கூடும். உங்கள் படங்களில் முகங்களின் கோடு நயமாகவும் புடவைக் கரையின் நிறம் சற்று அவசரமாகவும் இருப்பதை வைத்து இதை ஊகிக்கிறேன்.

அதனால் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தாக வேண்டும். இந்தப் படங்களை அந்தக் காலத்துச் சாதி வழக்கங்களுக்கு நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே உடம்புக்கு வேறு வேறு உடையும் கருவியும் கொடுத்துப் பன்னிரண்டு சாதியாக்கிய தொகுப்புகள் உண்டு. ஊரில் மனிதர்கள் அப்படிக் கட்டம் கட்டமாக நிற்கவில்லை. அப்படி நிறுத்திப் பார்க்க விரும்பியவர்கள் வாங்கியவர்கள். முதுகில் கொக்கி மாட்டித் தொங்கிச் செடில் குத்தி ஆடுவது, தீ மிதிப்பது, உடன்கட்டை ஏறுவது என்று அவர்களுக்கு வியப்பும் அச்சமும் தந்த காட்சிகள் திரும்பத் திரும்ப வரையப்பட்டதும் அதே விருப்பத்தால்தான். உங்கள் உறவினரின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில். எதை வரைவது என்பதைப் பெரும்பாலும் வாங்குபவர் முடிவு செய்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி வாங்கவும் இல்லை. டெல்லியில் வில்லியம் ஃபிரேசரும் அவர் அண்ணன் ஜேம்ஸும் 1815ஐ அடுத்த ஆண்டுகளில் வரையச் செய்த படங்களில், ஊர்க்காரர்கள் பெயரும் முகமும் உள்ள தனி மனிதர்களாக நிற்கிறார்கள். சாதிக்கு ஒரு மாதிரி உருவம் என்ற பழக்கத்திலிருந்து அது வெகுதூரம்.

இன்னொன்றையும் உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள். நிழல் போடுவது, தூரத்தைக் காட்டுவது, அடர்நிறத்தைத் தணிப்பது எல்லாம் வெள்ளைக்காரருக்காக மட்டும் கற்றுக்கொண்ட வித்தைகள் என்று நினைக்க வேண்டாம். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, தன் ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் அதே முறையில் தீட்டச் செய்தார். அவற்றில் ஒரு தொகுதியைத் தஞ்சையில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த பெஞ்சமின் டோரினுக்குக் கொடுத்தார். அரசரின் மருத்துவ நிலையத்தில் கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து வைத்த குறிப்பேடுகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவை எந்த ஆங்கிலேயருக்கும் நினைவுப் பொருளாக வரையப்பட்டவை அல்ல. நோயை அறிந்துகொள்ளத் தமிழ் மண்ணின் அரசர் ஒருவர் கேட்டு வரையப்பட்டவை. புதிய முறை ஒன்று வந்தது, ஓவியர்கள் அதைக் கற்றுத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் அதில் வரைந்து கொடுத்தார்கள். அப்படித்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

பிறகு கேமரா வந்தது. 1850களில் ஒளிப்படம் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் மனிதர்களையும் கோயில்களையும் வரைந்து வாங்குவதற்குத் தேவை குறைந்தது. 1868 முதல் 1875 வரை அரசாங்கமே இந்திய மக்களைப் பற்றி எட்டுத் தொகுதி ஒளிப்பட நூல் வெளியிட்டது. ஜோடிப் படங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. மைக்காப் படங்கள் மலிவு விலைப் பொருளாகச் சில காலம் தாக்குப்பிடித்தன.

காலத்தை இன்னும் நெருங்கிச் சொல்ல உங்களால் ஒன்று செய்ய முடியும். மைக்காவில் வயது தெரியாது, ஆனால் அது ஒட்டப்பட்டிருக்கும் தாளில் தெரியலாம். தாளை மட்டும், தகட்டைத் தொடாமல், பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இங்கிலாந்துக் காகிதங்களில், குறிப்பாக வாட்மன் ஆலைத் தாள்களில், நீர்க்குறியாக (வாட்டர்மார்க்) ஆலையின் பெயரும் 1794க்குப் பிறகு பல நேரம் ஆண்டும் இருக்கும். ஆண்டு கிடைத்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்கலாம், ஆனால் ஒட்டிய நாள் அதற்குப் பிந்தையது என்பது நிச்சயம். குறிப்பின் மை பழுப்பாகி, எழுத்தைச் சுற்றித் தாளை லேசாக அரித்திருந்தால் அது இரும்பு மை. எஃகு நிப்பில் எழுதியதா இறகில் எழுதியதா என்பதும் உருப்பெருக்கியில் ஓரளவு தெரியும். வெள்ளைப் பகுதிகள் சில கருத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது அழுக்கு அல்ல என்றே நினைக்கிறேன். ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அப்படிக் கருக்கும். துடைத்தால் போகாது, நிறம்தான் போகும்.

தயவுசெய்து எதையும் துடைக்காதீர்கள். காகிதத்தில் நிறம் நாருக்குள் கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். காக்காப்பொன் எதையும் உறிஞ்சாது. நிறம் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஈரப் பஞ்சு ஒருமுறை பட்டால் ஒரு முகமே பெயர்ந்து வந்துவிடும். நல்ல எண்ணத்தோடு சுத்தம் செய்து, பாதி முகம் இல்லாமல் என்னிடம் கொண்டுவரப்பட்ட தகடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. தகட்டை வளைக்கக் கூடாது, ஏடு பிரியும். பிரிந்த ஓரத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், படத்துக்குப் படம் இடைவெளி விட்டு, படுக்கைவாக்கில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாப்தலின் உருண்டையை அதே பெட்டிக்குள் போடாதீர்கள்.

விலை கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்வது என் வேலையும் இல்லை, விருப்பமும் இல்லை. சட்டம் மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய ஓவியம் தொல்பொருள். தனியாருக்கு அதை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமை இல்லை. பதிவு வேண்டுமா என்பதை உங்கள் பகுதிப் பதிவு அலுவலரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும். வியாபாரி தொகுப்பைப் பிரித்து இரண்டு மூன்று மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரே மாதிரியிலிருந்து எடுத்த உருவங்களை ஒப்பிட்டுத்தான் பட்டறையை அடையாளம் காண முடியும். பிரித்துவிட்டால் அந்த வழி அடைந்துபோகும்.

நேரம் கிடைக்கும்போது 11 படங்களையும் முன்னும் பின்னுமாக, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மறுபடி ஒளிப்படம் எடுத்து அனுப்புங்கள். ஒட்டுத்தாளின் பின்பக்கமும் வேண்டும். ஏழாவது படத்தின் பின்னால், மூலையில், ஆங்கிலம் அல்லாத ஒரு எழுத்து மங்கலாகத் தெரிவதுபோல் இருந்தது. தமிழோ தெலுங்கோ, வெறும் கறையோ, உங்கள் படத்தில் சரியாகத் தெரியவில்லை. அந்த மூலையை மட்டும் தனியாக, நெருக்கமாக எடுங்கள்.